‘அப்படியே பாட்டில்லயே ஒரு ஊசியும் கலந்துடுங்க!’

"ரெண்டு நாளா ஒரே தலைசுத்தல் டாக்டர், வயித்தைப் புரட்டிக்கிட்டே இருந்துச்சு. போன் பண்ணினேன், வீட்டுக்கே வந்து ஒரு பாட்டில் ஏத்திட்டுப் போனாங்க. வாந்திக்கு ஒண்ணு, வலிக்கு ஒண்ணு, கேஸுக்கு ஒண்ணுன்னு எல்லாத்தையும் அதுலயே கலந்துட்டாங்க. இப்ப ஜம்முனு இருக்கேன்!"

போன வாரம் என் கிளினிக்கில் ஒரு ரிட்டயர்டு டீச்சரம்மா இப்படிச் சொன்னார். எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"என்னென்ன மருந்தும்மா கலந்தாங்க?"

"அதெல்லாம் யாரு கேட்டா? மூணு ஊசி."

"சீட்டு ஏதாவது கொடுத்தாங்களா?"

"பில்லு வாட்ஸப்புல வந்திருக்கு, பாருங்க."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். ‘ஹைட்ரேஷன் பேக்கேஜ் 1, ஆட்-ஆன் 3’ என்று இருந்தது. தொகை பைசா சுத்தமாக இருந்தது. மருந்தின் பெயர் மட்டும் இல்லை!

கத்திரிக்காய் வாங்கும்போது காம்பைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறோம். சேலைக்கு ஃபால்ஸ் தைக்கக் கொடுத்தால் நூல் நிறம் பொருந்துகிறதா என்று வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கிறோம். நேராக ரத்தத்துக்குள் போகிற மருந்துக்கு மட்டும் பெயர் கூடக் கேட்பதில்லை!

வீட்டுக்கு வந்து டிரிப் ஏற்றுவது இன்று பெரிய வியாபாரம். அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் ராத்திரி முழுக்கக் குடித்துவிட்டுக் காலையில் தலையைப் பிடித்துக்கொண்டு எழுகிறவர்களுக்காக, 2012-ல் ஒரு மயக்க மருந்து டாக்டர் பஸ்ஸிலேயே டிரிப் ஏற்ற ஆரம்பித்தார். உப்பு நீரோடு வாந்தி மருந்து, வலி மருந்து, வைட்டமின் எல்லாம் சேர்த்து! இன்று அங்கே ஊருக்கு ஊர் இந்த வியாபாரம். ஓட்டல் மெனு மாதிரி, ‘தலைவலியா, இது சேர்த்துக்கலாம். நெஞ்செரிச்சலா, அது சேர்த்துக்கலாம்’ என்று. நம் பெரிய நகரங்களுக்கும் அது வந்துவிட்டது. நமக்கோ ஏற்கெனவே ‘குளுக்கோஸ் ஏத்தினாத்தான் தெம்பு’ என்று ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது. கேட்கவா வேண்டும்!

முதலில் அந்தத் தெம்புக் கணக்கைப் பார்த்துவிடுவோம். சாதாரணமாக ஏற்றுகிற 5 சதவீத குளுக்கோஸ் அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. அதாவது 100 கலோரிக்குள்தான். இரண்டு இட்லி சாப்பிட்டால் கிடைக்கிற சமாச்சாரம்! உப்பு நீர் பாட்டில் என்றால் அரை லிட்டரில் 4.5 கிராம் உப்பு. ஒரு நாள் முழுவதற்குமே 5 கிராமுக்குள்தான் உப்பு இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிளட் பிரஷர்காரர், இதய நோயாளி, கிட்னி பலவீனமானவர் ஆகியோருக்கு இந்த ஒரு பாட்டில் லேசான விஷயமல்ல.

அப்படியானால் ஏற்றியவுடன் எழுந்து உட்கார்கிறார்களே, எப்படி? நிஜமாகவே உடம்பில் நீர் வற்றியிருந்தால் அது சேர்ந்ததால் இருக்கலாம். மற்றபடி பெரும்பாலும் வேலை செய்தது கூடக் கலந்த ஊசிதான். வாந்தியை நிறுத்துவதும் வலியை மறக்கடிப்பதும் அதுதான். பெயர் வாங்குவது பாட்டில்!

இதில் என்ன தப்பு, கஷ்டம் தீர்ந்தால் சரிதானே என்பீர்கள். நானும் ஒரு நாள் அப்படித்தான் நினைத்தேன். அதை இங்கே எழுதுவதா வேண்டாமா என்று ரொம்ப யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

2022 டிசம்பர். என் கூடப்பிறந்த அண்ணனுக்கு அப்போது 61 வயது. பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை உண்டு. ஒரு ராத்திரி எட்டு மணிக்கு மதினி போன் செய்தார்கள். ஓடினேன். அண்ணன் கட்டிலில் சாய்ந்திருந்தார். மேல் வயிற்றில் ஒரு கனம், இரண்டு தடவை வாந்தி, ஏப்பம் வராமல் ஒரு திணறல்.

"ஒண்ணுமில்லடே, மத்தியானம் தின்ன பரோட்டா வேலையக் காட்டுது. வாயுதான்" என்றார்.

நான் போவதற்கு முன்பே அவர் மகன் போனில் ஆளை வரச் சொல்லியிருந்தான். முக்கால் மணி நேரத்தில் ஒரு பையோடு ஒரு தம்பி வந்தார். சின்ன வயசு, ரொம்ப மரியாதை. ஜன்னல் கம்பியில் பாட்டிலைக் கட்டினார். "சாருக்கு என்ன தொந்தரவு?" என்று கேட்டு போனில் தட்டினார். "எங்க டாக்டர் ஓ.கே. சொல்லிட்டார்" என்றார். அந்த டாக்டர் அண்ணனைப் பார்க்கவும் இல்லை, பேசவும் இல்லை. வாந்தி ஊசி, அசிடிட்டி ஊசி, வலி ஊசி மூன்றும் போயின.

நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் கை என் கையில் இருந்தது. சில்லென்று, ஈரமாக இருந்தது. பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் எங்களுக்கு எண்வகைத் தேர்வு சொல்லிக் கொடுத்தார்கள். நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்று எட்டு. அதில் ஸ்பரிசம் என்றால் தொட்டுப் பார்த்து அறிவது. தொட்டுக்கொண்டுதான் இருந்தேன். சர்க்கரைக்காரருக்கு நெஞ்சு வலிக்காமலே மாரடைப்பு வரலாம், வயிற்றுப் புரட்டலாகவும் வியர்வையாகவும் மட்டும் காட்டலாம் என்பதும் படித்ததுதான்.

"ஒரு ஈ.சி.ஜி. எடுத்துரலாமாடே?" என்று மெதுவாகக் கேட்டேன். "சித்தப்பா, முதல்ல இது முடியட்டும். உங்க கஷாயத்த நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று சிரித்தான் பையன். நானும் சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன். சித்த வைத்தியன் ஊசி மருந்தைக் கண்டு பொறாமைப்படுகிறான் என்று நினைத்துவிடுவார்களோ என்கிற வெட்கம்தான், வேறென்ன? அரை மணியில் அண்ணன் முகம் தெளிந்தது. "நல்லாயிருக்குடே" என்று தூங்கிவிட்டார். நானும் வீட்டுக்கு வந்து தூங்கினேன்.

விடியற்காலை நாலரைக்கு மறுபடி போன். மூச்சு வாங்குகிறது என்று. ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்துவிட்டு, "மாரடைப்பு வந்து எட்டு மணி நேரத்துக்கு மேல ஆயிருக்கு, இவ்வளவு நேரம் என்ன பண்ணினீங்க?" என்று கேட்டார் அந்த இதய டாக்டர். பதில் சொல்ல எனக்கு வாயில்லை. அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்தார்கள். உயிர் பிழைத்தது. ஆனால் இதயத்தின் ஒரு பகுதி போனது போனதுதான். ரத்தத்தை வெளியே தள்ளும் திறன் 55 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டியது, அவருக்கு 35-ல் நிற்கிறது. மாடிப்படி ஏறுவதில்லை. பிறந்த ஊர்க் கொடைக்குப் போய் மூன்று வருஷமாகிறது.

அந்தத் தம்பி கெட்டவர் இல்லை. அந்த மூன்று மருந்தும் கெட்ட மருந்து இல்லை. கேட்ட தொந்தரவை அவை தீர்த்தன. அதுதான் வினையே!

சித்த மருத்துவத்தில் நோயின் அடையாளத்தைக் ‘குறிகுணம்’ என்போம். குறி என்றால் அடையாளம். உடம்பு தனக்குத் தெரிந்த ஒரே பாஷையில் எழுதி அனுப்புகிற கடிதம் அது. எங்கள் நூல்களில் அடக்கக் கூடாத பதினான்கு வேகங்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. தும்மல், கொட்டாவி, பசி, தாகம், இருமல் எல்லாம் வரும். வாந்தியும் அதில் ஒன்று. அதற்காக வாந்தி எடுக்கிறவரை எடுத்துக்கொண்டே இருக்க விடு என்று நான் சொல்ல மாட்டேன். ஏன் வந்தது என்று கேட்காமல் அடக்காதே என்றுதான் நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

டெங்கு காய்ச்சலையே எடுத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் விட்டதும் ‘அப்பாடா’ என்கிறோம். ஆனால் ஆபத்துக் காலம் தொடங்குவதே பெரும்பாலும் அப்போதுதான், மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள். அப்போது கவனிக்க வேண்டிய அபாய அறிகுறிகள் என்னென்ன? விடாத வாந்தி, வயிற்று வலி, சோர்ந்து துவண்டு போவது, ஈறிலோ மூக்கிலோ ரத்தக் கசிவு. இப்போது ஒரு பாட்டிலைக் கட்டி, வாந்திக்கு ஒன்று, வலிக்கு ஒன்று கலந்துவிட்டால் முதல் இரண்டு அறிகுறியும் மறைந்துவிடும். சோர்ந்து படுத்தால் ‘ஊசி போட்டதில தூங்குது பிள்ளை’ என்று விட்டுவிடுவோம். வலிக்குக் கலந்தது டைக்ளோஃபெனாக் வகையாக இருந்தால் ரத்தக் கசிவையும் அது கூட்டிவிடலாம். டெங்குவில் பாரசிட்டமால் தவிர வேறு வலி மருந்து கூடாது என்பது உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட விதி. போதாக்குறைக்கு, டெங்குவில் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியும். அளவில்லாமல் ஏற்றினால் அது நெஞ்சிலும் வயிற்றிலும் போய்த் தேங்கும். மணிக்கு மணி பார்த்து, ரத்தப் பரிசோதனை செய்து, சொட்டுக் கணக்கில் ஏற்ற வேண்டிய வியாதி அது. ஜன்னல் கம்பி வியாதி இல்லை.

குடல்வால் அழற்சியும் அப்படித்தான். வலி இடம் மாறி வலது அடிவயிற்றில் வந்து நிற்கிற நேரத்தில் வலி ஊசி போட்டு அனுப்பிவிட்டால், அடுத்த நாள் அது வெடித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போவோம். ஆஸ்பத்திரியிலும் வலி மருந்து கொடுப்பார்கள்தான். ஆனால் அங்கே வயிற்றை அமுக்கிப் பார்த்து, ஸ்கேன் எடுத்து, இரண்டு மணி கழித்து மறுபடி வந்து பார்க்க ஆள் இருக்கிறது.

இனி, அந்த மருந்துகளின் சொந்தக் குணங்கள். வாந்திக்கு இப்போது அதிகம் போடுகிற ஆண்டான்செட்ரான் நல்ல மருந்து. ஆனால் இதயத் துடிப்பின் மின் ஓட்டத்தைச் சிலருக்குக் குழப்பும். அதனால்தான் 2012-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, ஒரே தடவையில் நரம்பில் போடும் 32 மில்லிகிராம் அளவையே சந்தையிலிருந்து எடுக்கச் செய்தது. வாந்தியிலும் பேதியிலும் பொட்டாசியம் குறைந்திருக்கிறவருக்கு இந்த ஆபத்து கூடுதல். வாந்தி மருந்து கேட்பதோ அவர்கள்தான்! வலிக்குப் போடுகிற கெட்டரோலாக், டைக்ளோஃபெனாக் இரண்டும், நீர் வற்றிய உடம்பில் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். அல்சர்காரருக்கும் சில ஆஸ்துமாக்காரருக்கும் ஆகவே ஆகாது. டெக்ஸா என்று செல்லமாகச் சொல்கிற ஸ்டீராய்டு, சர்க்கரையை ஒரே ராத்திரியில் எங்கேயோ கொண்டு போய் நிறுத்தும்.

இன்னொரு வேடிக்கை. வேடிக்கையா அது! எங்கள் எதிர்வீட்டுக் கல்லூரிப் பெண்ணுக்கு ஒரு நாள் ராத்திரி கழுத்து ஒரு பக்கம் திருகிக்கொண்டது. கண் மேலே சொருகிவிட்டது, வாய் கோணியது. வீடே அலறியது. பாட்டி விபூதியோடு நிற்கிறார். வலிப்பு என்கிறார் மாமா. மெதுவாக விசாரித்தால், மாலையில் டிரிப் ஏற்றியிருக்கிறார்கள், ‘வாந்தி ஊசி’ கலந்திருக்கிறார்கள். மெட்டாக்ளோப்ரமைடு என்கிற பழைய வாந்தி மருந்து, முக்கியமாக இளவயதுக்காரர்களில் சிலருக்கு இப்படிச் செய்யும். மாற்று ஊசி போட்டால் பெரும்பாலும் சீக்கிரமே சரியாகிவிடும். ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன், சரியாயிற்று. ஆனால் அங்கே டாக்டர் முதலில் கேட்ட கேள்வி, "என்ன ஊசி?" யாருக்கும் தெரியவில்லை. உடைத்த மருந்துக் குப்பியைக் கூட வந்தவர் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். பெயர் தெரியாததால் வலிப்பா, மூளைக் காய்ச்சலா என்று தேடியே கொஞ்ச நேரம் வீணாயிற்று.

மாத்திரை என்றால் மெல்லக் கரையும், மெல்ல ஏறும். நரம்பில் போனது போனதுதான், திருப்பி எடுக்க முடியாது. மூன்று மருந்தைக் கலந்து ஏற்றி, உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக வந்தால் எதனால் வந்தது என்று எப்படிச் சொல்வது? எல்லா மருந்தும் எல்லா பாட்டிலிலும் சேராது என்பது வேறு. செஃப்ட்ரயாக்ஸோன் என்கிற ஆன்டிபயாடிக்கைக் கால்சியம் உள்ள ரிங்கர் லாக்டேட் பாட்டிலில் கலக்கக் கூடாது. வீழ்படிவாகிவிடும். கிராமத்தில் பாலில் எலுமிச்சை பிழிகிற கதைதான்.

2023 ஜூலையில் டெக்சாஸ் மாநிலத்தில் அழகு நிலையம் ஒன்றில் டிரிப் ஏற்றிக்கொண்ட ஒரு பெண்மணி இறந்துபோனார். அதையடுத்து 2025-ல் அந்த மாநிலம், மருத்துவரின் பொறுப்பில் தகுதி உள்ளவர்கள்தான் இதை எழுதிக் கொடுக்கலாம், ஏற்றலாம் என்று சட்டம் போட்டது. நம் நாட்டில் இந்த ஊசிகள் ஏற்கெனவே டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில்தான் இருக்கின்றன. சட்டம் இருக்கிறது. கேட்கிற ஆள்தான் இல்லை.

‘சித்த மருத்துவர் ஆயிற்றே, அலோபதியைத் திட்டத்தானே செய்வார்’ என்று நீங்கள் நினைக்கலாம். அப்படியில்லை. 1832-ல் தாமஸ் லாட்டா என்கிற ஸ்காட்லாந்து டாக்டர், காலராவில் சாகக் கிடந்தவர்களின் நரம்பில் உப்பு நீர் ஏற்றிப் பார்த்தார். அந்த வழி வந்த பாட்டில் எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. நினைவு தப்பியவருக்கு, வாயில் எதுவும் தங்காதவருக்கு, நாடி விழுந்தவருக்கு அதுதான் கதி. என் கஷாயம் அங்கே உதவாது. புற்றுநோயில் படுத்த படுக்கையாக இருப்பவருக்கு, அவரைப் பார்த்து வருகிற டாக்டர் எழுதிக் கொடுத்து, நர்ஸ் வீட்டுக்கு வந்து ஏற்றுவது புண்ணியமான காரியம். எங்கள் வீட்டு அழுக்கையும் சொல்லிவிடுகிறேன். ‘மூன்றே நாளில் மூட்டு வலி போகும்’ என்று பொடி கொடுக்கிற போலிகள், அதில் ஸ்டீராய்டு மாத்திரையை இடித்துக் கலப்பது உண்டு. பொடியில் கலந்தாலென்ன, பாட்டிலில் கலந்தாலென்ன, பெயர் சொல்லாமல் கலப்பது ஒரே குற்றம்தான்.

வாயால் குடிக்க முடிகிறவருக்கு வாய்தான் ராஜபாட்டை. 1971-ல் வங்கதேச அகதிகள் லட்சக்கணக்கில் வந்து குவிந்தபோது, பங்காவ் முகாமில் காலரா வாரிக்கொண்டு போனது. பாட்டில் தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மஹாலனபிஸ் உப்பையும் குளுக்கோஸையும் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பது வரை இருந்த சாவு, நாலுக்கும் கீழே இறங்கியது. அந்தக் கரைசல்தான் இன்று மருந்துக் கடையில் ஓ.ஆர்.எஸ். என்று கிடைக்கிறது. அது கைவசம் இல்லையென்றால், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ஒரே மூச்சில் குடித்தால் திரும்பி வரும். ஸ்பூன் ஸ்பூனாக, நிமிஷத்துக்கு ஒன்றாகக் கொடுங்கள். உப்புப் போட்ட வடிகஞ்சி, நீர்மோர், நெல்பொரிக் கஞ்சி எல்லாம் அந்தக் குடும்பம்தான். வாந்தி அதிகமானால் டாக்டரைக் கேட்டு வாந்தி மாத்திரை ஒன்று போட்டுவிட்டுப் பிறகு கரைசலைக் கொடுத்தால், பல நேரம் பாட்டிலே தேவைப்படாது. இளநீரை மட்டும் கிட்னி நோயாளிக்குக் கேட்காமல் கொடுக்காதீர்கள், பொட்டாசியம் அதிகம்.

இவ்வளவுக்கும் பிறகு, வீட்டுக்கு ஆளை வரவழைத்தே தீருவோம் என்றால், பாட்டில் தொங்குவதற்கு முன்னால் கொஞ்சம் கறாராக இருங்கள். எழுதிக் கொடுத்த டாக்டர் நோயாளியோடு பேசினாரா? மருந்தின் பெயர், அளவு, நேரம் காகிதத்தில் இருக்கிறதா? ஏற்கெனவே சாப்பிடுகிற மாத்திரை, ஒவ்வாத மருந்து, கர்ப்பம், அல்சர், கிட்னி இதையெல்லாம் கேட்டார்களா? ஒவ்வாமையில் மூச்சுத் திணறினால் போட அட்ரினலின் ஊசி பையில் இருக்கிறதா? உடைத்த குப்பிகளை ஒரு கவரில் போட்டு, மறுநாள் வரை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். இதைக் கேட்டால் முகம் சுளிக்கிற ஆள் என்றால், வாசலோடு அனுப்பிவிடலாம். நெஞ்சிலோ மேல் வயிற்றிலோ கனம், குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல், காய்ச்சல் விட்ட பிறகு வாந்தி, தலையே வெடிக்கிற மாதிரி திடீர்த் தலைவலி. இதில் எதுவாக இருந்தாலும் ஆளை வரச் சொல்லாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

அந்த டீச்சரம்மாவுக்குப் பிரஷர் பார்த்தேன். 170-க்கு மேல் இருந்தது. பிரஷர் மாத்திரை தீர்ந்து பத்து நாளாயிற்றாம், வாங்கவில்லையாம். டிரிப் ஏற்ற வந்தவர் பிரஷர் பார்க்கவில்லையா என்றால், "இல்லையே" என்றார். அவருடைய பழைய டாக்டரிடமே அன்று மாலை அனுப்பி வைத்தேன்.

அண்ணனுக்குப் போன மாதம் மறுபடி வயிற்றைப் புரட்டியது. பையன் என்னைக் கூடக் கேட்கவில்லை. நேரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய், ஈ.சி.ஜி.யும் ரத்தப் பரிசோதனையும் எடுத்துவிட்டு அங்கிருந்துதான் எனக்குப் போன் செய்தான். "பழசுதான் சித்தப்பா, புதுசா ஒண்ணும் இல்லையாம். வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாங்க" என்றான். அன்று ராத்திரி மதினி நெல்பொரிக் கஞ்சி வைத்துக் கொடுத்தார்கள். அவருக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் எந்த நீரும் கூடாதென்று டாக்டர் சொல்லியிருப்பதால், அதையும் அளந்துதான் ஊற்றினார்கள்.